பட்டம் கையில இருக்கு, வேலைக்குப் பழகினோமா? பீடோங் பிள்ளைகளிடம் என்ன சொல்லட்டும்?

ஹார்வர்ட் மூணாம் பிரிவு | வியாழன், இரவு 9.40

வணக்கம். நம்ம மலேசியா, கெடாவுல பீடோங், செமிலிங், சுங்கைப்பட்டாணி பக்கம் இருக்கிறவங்க, கூலிம், லூனாஸ், பாடாங் செராய்ல வேலை செய்றவங்க, கொஞ்சம் நேரம் ஒதுக்கி இதைப் படிச்சுப் பாருங்க.

வர்ற ஞாயிற்றுக்கிழமை எங்க ஹார்வர்ட் தோட்டத்துக் கோயில் மண்டபத்துல, அஞ்சாம் படிவத் தேர்வு எஸ்பிஎம் எழுதி முடிச்ச பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் பேசணும்னு கோயில் தலைவர் கேட்டிருக்கார். "நீ யூனிவர்சிட்டி போய் வந்தவன், கூலிம்ல இஞ்சினியரா இருக்கே, நாலு நல்ல வார்த்தை சொல்லு"ன்னார். சரின்னுட்டேன். ரெண்டு நாளா எழுத உட்கார்றேன், எதுவும் வர மாட்டேங்குது. "நல்லா படிங்க, பட்டம் வாங்கினா வாழ்க்கை மாறும்"னு எழுதிப் பார்த்தேன். பொய்யில்ல. ஆனா அது மட்டும் உண்மையும் இல்ல.

நான் படிச்சது மெக்கானிக்கல். நாலு வருஷம், சிஜிபிஏ, அதாவது நாலுக்குக் கணக்கிடுற சராசரிப் புள்ளி, 3.41. வேலைக்குச் சேர்ந்த மூணாவது வாரம், எங்க லைன்ல இருந்து போன சரக்குல கீறல் இருக்குன்னு கஸ்டமர் கம்ப்ளைன் வந்துச்சு. மேனேஜர் என்கிட்ட வந்து, "எய்ட்-டி ரிப்போர்ட் ட்ராஃப்ட் பண்ணு, நாளைக்குக் காலைல வேணும்"னு சொல்லிட்டுப் போயிட்டார். எய்ட்-டின்னா என்னன்னே எனக்குத் தெரியாது. ஒரு பிரச்சினையை எட்டுப் படியாப் பிரிச்சு, குழுவுல யார் யார், என்ன நடந்துச்சு, உடனே எதை நிறுத்தினோம், மூல காரணம் என்ன, மறுபடி வராம இருக்க என்ன செஞ்சோம்னு எழுதுற அறிக்கை அது. பக்கத்து மேசை டெக்னீஷியனைக் கேட்டிருந்தா அஞ்சு நிமிஷத்துல சொல்லியிருப்பார். நான் கேட்கல. டிகிரிக்காரனுக்கு இதுகூடத் தெரியலையான்னு நினைச்சிருவாங்களோன்னு பயம். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் தேடித் தேடி ஏதோ எழுதினேன். மூல காரணம்கிற இடத்துல "ஆபரேட்டர் கவனக்குறைவு"ன்னு போட்டேன்.

அந்த ஆபரேட்டர் பாடாங் செராய்ல இருந்து ஃபேக்டரி பஸ்ல வர்ற ஒரு அக்கா. 14 வருஷ சர்வீஸ். என் அறிக்கையை வெச்சு அவங்களைக் கூப்பிட்டு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்துட்டாங்க. உண்மையான காரணம், தகட்டைப் பிடிச்சு வைக்கிற ஃபிக்ஸர் தேய்ஞ்சு போய் ஓரம் கூராகியிருந்துச்சு. அதை அந்த அக்கா ரெண்டு வாரம் முன்னாடியே ஷிப்ட் புத்தகத்துல எழுதி வெச்சிருந்தாங்க. நான் ஒரே ஒரு தடவை கீழ இறங்கிப் போய், "அக்கா, என்ன ஆச்சு?"ன்னு கேட்டிருந்தா போதும். கடிதத்தைத் திரும்ப வாங்க வைக்க எனக்கு ஒரு மாசம் ஆச்சு.

நாலு வருஷத்துல என்கிட்ட வந்த கேள்விக்கெல்லாம் பதில் எழுதப் பழகினேன். நானா ஒரு கேள்வி கேட்கப் பழகல. இது என் குறை மட்டும்தானா, இல்ல படிச்ச விதமே அப்படியா? பிள்ளைகள்கிட்ட நான் என்ன சொல்லணும்?

த்ரீ ஃபேஸ் | வியாழன், இரவு 10.15

தம்பி, நேரா சொல்லிடறேன். எல்லாரையும் யூனிவர்சிட்டிக்குப் போன்னு சொல்லாதீங்க.

எனக்கு எஸ்பிஎம்ல கணக்கு மட்டும்தான் கை கொடுத்துச்சு. அரசாங்கத் தொழிற்பயிற்சிக் கழகமான ஐஎல்பில எலக்ட்ரிகல் எடுத்தேன், எஸ்கேஎம் திறன் சான்றிதழ் மூணாம் நிலை. வேலை செஞ்சுக்கிட்டே முதல்ல சிங்கிள் ஃபேஸ் வயர்மேன் சான்றிதழ், அப்புறம் த்ரீ ஃபேஸ், அதான் பிடபிள்யூ4. எனர்ஜி கமிஷன் கொடுக்கிற அந்தச் சான்றிதழ் இருந்தாத்தான் வயரிங்கை டெஸ்ட் பண்ணிக் கையெழுத்துப் போட முடியும். இப்போ கீழ நாலு பையன்க வேலை செய்றாங்க, ரெண்டு பேரு பீடோங் பையன்க.

நீங்க கேட்ட விஷயத்துக்கு வரேன். எங்க பயிற்சியில முதல் வாரமே போர்டைத் திறந்து மாட்டச் சொன்னாங்க. தப்பா மாட்டுவோம், டிரிப் ஆகி கரண்ட் நின்னுடும். ஆசிரியர் வந்து "ஏன் டிரிப் ஆச்சு?"ன்னு கேட்பார். தெரியலன்னா மறுபடி கழட்டி மாட்டணும். ஒரு நாளைக்கு இருபது தடவை தப்பு பண்ணுவோம், யாரும் சிரிக்க மாட்டாங்க. அதனால முதல் சைட்டுல போய் "அண்ணே, இது எனக்குத் தெரியல"ன்னு சொல்ல நாக்கு கூசல. உங்களுக்கு அப்படித் தப்பு பண்ண இடமே யாரும் கொடுக்கல. அதான் வித்தியாசம்.

பொலிடெக் 2011 | வியாழன், இரவு 10.52

நான் கணக்கியல் டிப்ளோமா. எங்களுக்கு இன்டர்ன்ஷிப் ஒரு முழு செமஸ்டர். டிகிரி இஞ்சினியரிங்குக்குக் குறைஞ்சது எட்டு வாரம் இருந்தாப் போதும்னு விதி. எட்டு வாரத்துல ஒரு இடத்தோட டாய்லெட் எங்க இருக்குன்னு தெரிஞ்சுக்கிறதுக்குள்ள லீவு முடிஞ்சிரும்னு என் தங்கச்சி சொல்வா, அவ டிகிரி.

எனக்குப் பெரிய பாடம் கணக்கு இல்ல, போன். சுங்கைப்பட்டாணியில ஒரு சின்ன ஆடிட் ஆபீஸ்ல இன்டர்ன். முதல் நாள் போன் அடிச்சது, எடுக்கப் பயந்துக்கிட்டு ஃபைலைத் தேடுற மாதிரி கீழ குனிஞ்சுட்டேன். வீட்டுல தமிழ், பள்ளியில பரீட்சைக்கு மலாய், ஆங்கிலம் புத்தகத்துல. முன்ன பின்ன தெரியாத ஒரு கிளையண்ட்கிட்ட வாயைத் திறந்து பேசினதே இல்ல. அங்க இருந்த சீனப் பெரியம்மா ஒருத்தவங்க என்ன சொல்லணும்னு மலாய்ல ஒரு துண்டுத் தாள்ல எழுதி போன் பக்கத்துல ஒட்டி வெச்சாங்க. மூணு வாரம் அதைப் பார்த்துப் பார்த்துப் பேசினேன். நாலாவது வாரம் தாளைக் கிழிச்சிட்டாங்க.

ஞாயிற்றுக்கிழமை பொம்பளைப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்க. நம்ம பிள்ளைகளுக்குப் படிப்பு வராம இல்ல, வாய்தான் திறக்க வர மாட்டேங்குது.

ஓய்வு ஆசிரியர் | வெள்ளி, காலை 6.20

தம்பியின் எழுத்தைப் படித்தபின் இரவு தூக்கம் சரியாக வரவில்லை. அந்த ஆபரேட்டர் அம்மையாரின் நினைவாகவே இருந்தது.

என் தாயார் ரப்பர் மரம் வெட்டியவர், அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு, இருட்டிலேயே தலைவிளக்கோடு நிரைக்குள் இறங்கிவிடுவார். குளிர்ச்சியான வேளையில்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும். அவர் வேலை பழகிய கதையை அடிக்கடி சொல்வார். புதிதாக வருகிறவர் கையில் நல்ல மரத்தைக் கொடுக்க மாட்டார்களாம். மறுநடவுக்காகச் சாய்க்கப்போகிற கிழட்டு மரங்களில்தான் கத்தி பிடிக்க விடுவார்கள். கத்தி ஆழமாக இறங்கினால் பட்டைக்கு அடியில் இருக்கும் மெல்லிய வளர்படலம் காயப்படும். அந்த இடத்தில் மறுபட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், பிறகு அங்கே வெட்டு ஓடாது. மேலோட்டமாக வெட்டினால் பால் வராது. ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்ட வேண்டும். அந்த ஒரு மில்லிமீட்டரைக் கிழட்டு மரத்தைக் காயப்படுத்திக் காயப்படுத்தித்தான் கை கற்றுக்கொண்டது. மேற்பார்க்கும் மண்டோர் பின்னால் நின்று ஒவ்வொரு காயத்தையும் விரலால் தொட்டுக் காட்டுவாராம்.

த்ரீ ஃபேஸ் தம்பி சொன்ன டிரிப் ஆகும் போர்டும் கிழட்டு மரம்தான். நம் கல்லூரிகளில் அந்த மரங்கள் போதவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் தந்தைக்குப் பள்ளிப்படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் தன் சம்பளக் கணக்கை அவர் தோட்டத்து எழுத்தரான கிராணியிடமே வாதாடிச் சரிபார்ப்பார். எங்கே கற்றார்? 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாகி, பி.பி. நாராயணன் பொதுச்செயலாளராக இருந்த காலம் அது. கிளைக் கூட்டங்களில் ஒப்பந்தத்தை வாசித்துக் காட்டுவார்கள். ரப்பர் விலை ஏறினால் நாள் சம்பளம் எவ்வளவு ஏற வேண்டும் என்று தொழிலாளர்கள் விரல் விட்டு எண்ணுவார்கள். 1960-இல், அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, துண்டாடப்பட்டு விற்கப்பட்டுக்கொண்டிருந்த தோட்டங்களைத் தொழிலாளர்களே வாங்கலாம் என்றபோது, பங்கு என்றால் என்ன, ஆண்டுக் கூட்டத்தில் கை தூக்குவது எப்படி என்பதெல்லாம் பால்வாளி தூக்கியவர்களுக்கு விளங்கியது. யாரோ உட்கார்ந்து பொறுமையாகக் கற்றுக் கொடுத்தார்கள்.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டத்து வரிசை வீடுகளான லயங்கள் காலியாயின, பிள்ளைகள் நகர்ப்புறக் குடியிருப்புகளான தாமான்களுக்குப் போனார்கள். 1982-இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் போன்ற கல்வி இயக்கங்கள் ஆயிரக்கணக்கான பிள்ளைகளைப் பல்கலைக்கழக வாசலுக்குக் கொண்டுபோய் நிறுத்தின. அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு, நானும் வார இறுதிகளில் வகுப்பெடுத்தவன். ஆனால் அந்தக் கிளைக் கூட்டம் கற்றுக் கொடுத்ததை யார் எடுத்து நடத்தினோம்? என் பேரன் பட்டதாரி. தன் சம்பளச் சீட்டில் பிடித்திருக்கும் தொகை எதற்கு என்று என்னைக் கேட்டான்.

சிந்தோக் காற்று | வெள்ளி, மதியம் 1.05

ஐயாவுக்கு வணக்கம். நான் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறவள். எல்லாரும் ஒரே பக்கமாகப் பேசுவதுபோல் இருக்கிறது, அதனால் கொஞ்சம் மறுக்கிறேன்.

எய்ட்-டி ரிப்போர்ட் எழுதக் கற்றுக் கொடுப்பது பல்கலைக்கழகத்தின் வேலை இல்லை. இன்னும் பத்து வருஷத்தில் அந்தப் படிவம் மாறிப்போகலாம். வெப்பமும் விசையும் மாறாது, அதைத்தான் கற்றுக் கொடுக்க முடியும். ஒவ்வொரு தொழிற்சாலையும் தனக்கு வேண்டியதைத் தன் செலவில் பழக்க வேண்டும். புதிதாக வந்தவரை மூன்றாவது வாரமே தனியாக விட்டது அந்த மேனேஜரின் தவறு. அதை யாரும் சொல்லவே இல்லை.

விடுதி வாழ்க்கையையும் குறைத்து மதிப்பிடாதீர்கள். நான் தோட்டத்திலிருந்து போனவள். முதல் வருஷம் என் அறையில் கிளந்தானிலிருந்து ஒருத்தி, சரவாக்கிலிருந்து ஒருத்தி. ஒரே அயர்ன் பாக்ஸ், ஒரே மின்விசிறி. யார் எப்போது விளக்கை அணைப்பது என்பதைப் பேசித் தீர்க்க வேண்டியிருந்தது. பரீட்சைக்கு எழுதிய மலாய் அந்த அறையில்தான் எனக்குப் பேசும் மொழியானது. நோன்பு மாதத்தில் அவர்களோடு சஹூருக்கு எழுந்திருக்கிறேன், தீபாவளிக்கு அவர்கள் எங்கள் லயத்து வீட்டுக்கு வந்து முறுக்குப் பிழிந்திருக்கிறார்கள். இன்று ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து எல்லாரோடும் சமமாகப் பேச முடிகிறதென்றால் அந்த அறைதான் காரணம்.

ஆனால் தம்பி சொன்ன ஒன்று என்னைத் தைத்தது. நூற்றிருபது பேர் உட்கார்ந்திருக்கும் மண்டபத்தில் பாடம் முடிந்ததும், "கேள்வி உண்டா?" என்று நான் கேட்பேன். யாரும் வாய் திறக்க மாட்டார்கள். புத்தகத்தை மூடிவிட்டுப் போய்விடுவேன். அந்த அமைதிக்குள் எத்தனை பேர் விளங்காமல் உட்கார்ந்திருந்தார்கள் என்று இப்போது நினைக்கிறேன். எங்கள் ஆட்களை எனக்குத் தெரியும். நம் வீட்டில் துரை முன்னால் கேள்வி கேட்ட பழக்கம் இல்லை. பெரியவர்கள் பேசினால் தலையாட்டத்தான் சொல்லிக் கொடுத்தார்கள்.

ஹார்வர்ட் மூணாம் பிரிவு | வெள்ளி, இரவு 8.30

சிஸ்டர், நீங்க சொல்றது சரி. மேனேஜரும் விட்டிருக்கக் கூடாது. ஆனா எச்சரிக்கைக் கடிதம் வந்தது அவருக்கும் இல்ல, எனக்கும் இல்ல. அந்த அக்காவுக்கு.

ஆசிரியர் ஐயா சொன்ன கிழட்டு மரத்தைக் கண்டிப்பா ஞாயிற்றுக்கிழமை சொல்வேன். எங்க பாட்டியும் வெட்டினவங்கதான், ஒருநாளும் நான் இதைக் கேட்டதில்ல.

ஆறாவது செமஸ்டர் | வெள்ளி, இரவு 11.48

அண்ணன் அக்கா எல்லாருக்கும் வணக்கம். நான் இன்னும் படிச்சிட்டிருக்கேன், மூணாவது வருஷம். என் கேள்வியை இங்கயே கேட்கிறேன், ஏன்னா நேர்ல யாரையும் கேட்கத் தைரியம் வரல.

போன செமஸ்டர் எங்க இந்திய மாணவர் கழகத்தோட கலை இரவுக்கு நான் செயலாளர். கெர்த்தாஸ் கெர்ஜா, அதாவது நிகழ்ச்சிக்கு அனுமதி கேட்கிற திட்ட அறிக்கை, மலாய்ல எழுதினேன், மாணவர் விவகாரப் பிரிவுல மூணு தடவை திருப்பி அனுப்பிட்டாங்க. பட்ஜெட்ல ஒலிபெருக்கி வாடகைக்கு மேற்கோள் விலை மூணு இடத்துல வாங்கி வைக்கல, அதான் காரணம். ஸ்பான்சருக்காக மளிகைக்கடை, நகைக்கடை, ஒர்க்‌ஷாப்னு இருபத்தாறு இடம் ஏறி இறங்கினோம், ஒன்பது பேர் கொடுத்தாங்க. விழா அன்னிக்கு சாயங்காலம் நாலு மணிக்குச் சாப்பாட்டுக்காரர் வர முடியாதுன்னுட்டார். ரெண்டு மணி நேரத்துல முந்நூறு பொட்டலம் தேடினோம். கிடைச்சது.

அந்த செமஸ்டர் என் சிஜிபிஏ 3.52ல இருந்து 3.18க்கு இறங்கிடுச்சு. முதல் வகுப்பு வாங்கினா, அரசாங்கம் கொடுக்கிற பிடிபிடிஎன் படிப்புக் கடன் விலக்குக்கு விண்ணப்பிக்கலாம், அந்த வாய்ப்பு இனி எனக்குக் கிடையாது. அப்பாவுக்குச் சொல்லல. லோரி ஓட்டுறார். நான் செஞ்சது தப்பா?

சம்பளச்சீட்டு | சனி, காலை 10.10

தங்கச்சி, உன் பதிவைப் பார்த்துட்டுத்தான் எழுத வந்தேன். நான் ஒரு தொழிற்சாலையில மனிதவளப் பிரிவுல இருக்கேன், வருஷத்துக்கு நூறு பேருக்கு மேல நேர்காணல் செய்றேன்.

எங்க இடத்துல 3.00க்குக் கீழ இருந்தா விண்ணப்பம் என் மேசைக்கே வராது, அதனால இன்னும் இறங்க விடாதே. ஆனா 3.18க்கும் 3.52க்கும் நடுவுல நான் ஆளைத் தேர்ந்தெடுக்கிறதில்ல. நான் எல்லாரையும் கேட்கிற ஒரே கேள்வி: "நீங்க பொறுப்பெடுத்த ஒரு காரியம் கெட்டுப் போனதைச் சொல்லுங்க, அப்புறம் என்ன செஞ்சீங்க?" பாதிப்பேர் முழிக்கிறாங்க, ஏன்னா அவங்க கையில எதுவும் கெட்டுப்போற அளவுக்கு யாரும் பொறுப்புக் கொடுத்ததே இல்ல. உன்கிட்ட முந்நூறு பொட்டலம் இருக்கு. கெர்த்தாஸ் கெர்ஜா ஏன் திரும்பி வந்துச்சுன்னும் உனக்குத் தெரிஞ்சிருக்கு. அப்பாகிட்ட சொல்லிடு. கடன் நீ கட்டிடுவே. லோரி ஓட்டுறவருக்குச் சரக்கு கடைசி நேரத்துல வராம போறது என்னன்னு நம்மளவிட நல்லாத் தெரியும்.

இப்போ ஆசிரியர் ஐயாவோட பேரனுக்கும், ஞாயிற்றுக்கிழமை வர்ற பிள்ளைகளுக்கும். இதைக் கல்லூரியில ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுத்தாப் போதும், யாரும் சொல்றதில்ல. அதனால விலாவாரியா எழுதறேன்.

அடிப்படைச் சம்பளம் 2,600 வெள்ளி, அதாவது ரிங்கிட்னு வெச்சுக்குங்க. ஓய்வுக்காலச் சேமநிதியான இபிஎஃப்க்கு உங்ககிட்ட இருந்து 11 விழுக்காடு, 286 வெள்ளி பிடிப்பாங்க. சம்பளம் 5,000 வரைக்கும் இருந்தா முதலாளி தன் பங்கா 13 விழுக்காடு போடணும், அது 338. ஆக மாசம் 624 வெள்ளி உங்க பேர்ல சேரணும். சீட்டுல பிடிச்சுட்டு இபிஎஃப்ல கட்டாம விட்ட முதலாளிகளும் உண்டு. போன்ல இபிஎஃப் செயலியை இறக்கி மாசா மாசம் பாருங்க. 2024 மே மாசத்துல இருந்து அந்தப் பணம் மூணு கணக்காப் பிரியுது: 75 விழுக்காடு ஓய்வுக்கு, 15 நடுக்கணக்குக்கு, 10 எப்ப வேணாலும் எடுக்கக்கூடியதுக்கு. அந்தப் பத்தை மாசா மாசம் எடுத்துச் செலவழிக்காதீங்க. தொழிலாளர் சமூகப் பாதுகாப்புத் திட்டமான சொக்சோவுக்கும் வேலை இழப்புக் காப்புறுதிக்கும் இன்னும் சில வெள்ளி போகும். அதை வீண்னு நினைக்காதீங்க. வேலைக்குப் போற வழியில மோட்டர்ல விழுந்தாக்கூட சொக்சோ பார்க்கும்.

ஓவர்டைம் கணக்கு: மாசச் சம்பளத்தை 26ஆல வகுத்தா ஒரு நாள் கூலி, 100 வெள்ளி. எட்டால வகுத்தா மணிக்கு 12.50. சாதாரண நாள்ல ஓவர்டைம் அதுல ஒன்றரை மடங்கு, அதாவது 18.75. பொது விடுமுறை நாள்ல மூணு மடங்கு. மாசச் சம்பளம் 4,000க்கு மேல போனா, உடல் உழைப்பு வேலை இல்லாதவங்களுக்குச் சட்டப்படி இந்த ஓவர்டைம் உரிமை இல்ல, அதனால "எக்ஸிகியூட்டிவ்"னு பேர் வெச்சாங்கன்னு ஏமாறாதீங்க, தொகையைப் பாருங்க. வாரத்துக்கு 48 மணி நேரமா இருந்தது 2023 ஜனவரியில இருந்து 45. குறைந்தபட்சச் சம்பளம் 2025ல இருந்து 1,700.

வேலைக் கடிதத்துல நோட்டீஸ் காலம் எழுதலைன்னா, ரெண்டு வருஷத்துக்குள்ள நாலு வாரம், ரெண்டுல இருந்து அஞ்சு வருஷத்துக்குள்ள ஆறு வாரம், அதுக்கு மேல எட்டு. இத்தனை வருஷம் வேலையை விட மாட்டேன்னு எழுதி வாங்குற "பாண்ட்"னு ஒரு தாள் கொடுத்தா அன்னிக்கே கையெழுத்துப் போடாதீங்க. "வீட்டுக்குக் கொண்டு போய்ப் படிச்சுட்டு நாளைக்குக் கொண்டு வரேன்"னு சொல்லுங்க. இதைச் சொன்னா வேலை போயிடும்னு பிள்ளைகள் பயப்படறாங்க. என் அனுபவத்துல, படிச்சுப் பார்க்கணும்னு சொன்ன ஒரு பிள்ளையையும் நாங்க வேணாம்னு சொன்னதில்ல.

லூனாஸ் அம்மா | சனி, மாலை 4.33

எனக்கு டைப் பண்ண அவ்வளவா வராது, மக பக்கத்துல உட்கார்ந்து உதவி செய்றா.

என் மகன் வணிக நிர்வாகம் படிச்சான். பட்டமளிப்புக்கு நானும் அவங்கப்பாவும் பஸ் பிடிச்சுப் போனோம், போட்டோ ஹால்ல மாட்டியிருக்கு. எட்டு மாசமா வேலை தேடினான். நூத்துக்கு மேல அனுப்பினான்னு சொல்றான், அஞ்சு இடத்துல கூப்பிட்டாங்க. இப்போ சுங்கைப்பட்டாணியில மோட்டர்ல சாப்பாடு டெலிவரி. ராத்திரி மழையில நனைஞ்சு வருவான். நான் ஒண்ணும் கேட்கிறதில்ல, கேட்டா மனசு கஷ்டப்படுவான். பக்கத்து வீட்டுக்காரவங்க, "இதுக்கா படிக்க வெச்சீங்க"ன்னு கேட்டுட்டாங்க. அன்னிக்குச் சாப்பாடே இறங்கல. நாங்க தப்பா படிக்க வெச்சுட்டோமா?

த்ரீ ஃபேஸ் | சனி, மாலை 5.02

அம்மா, உழைச்சு நனைஞ்சு வர்ற பிள்ளையைப் பத்தி யார் என்ன சொன்னாலும் காதுல போட்டுக்காதீங்க. ஒண்ணு மட்டும் உடனே பாருங்க. டெலிவரி ஓட்டுறவங்களுக்கு சொக்சோவுல தனித் திட்டம் இருக்கு, சுயதொழில் செய்றவங்களுக்கான 2017 சட்டத்துல வருது. அவன் பேர் பதிஞ்சிருக்கா, காலாவதி ஆகாம இருக்கான்னு கேளுங்க. என் மச்சான் விழுந்தப்போ அதுதான் ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கை கொடுத்துச்சு.

சம்பளச்சீட்டு | சனி, மாலை 5.40

அம்மா, தப்பே இல்ல. நூறு அனுப்பி அஞ்சு கூப்பிட்டாங்கன்னா அவனோட ரெசுமேயை யாராவது ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கணும், அவ்வளவுதான். நூறு இடத்துக்கும் ஒரே தாளை அனுப்பியிருப்பான், நிறையப் பேர் அப்படித்தான் செய்றாங்க. சொக்சோ நடத்துற மைஃப்யூச்சர்ஜாப்ஸ் வேலைவாய்ப்புத் தளத்துலயும் பதியச் சொல்லுங்க. டெலிவரி ஓட்டுறதை ரெசுமேல மறைச்சிருந்தா எழுதச் சொல்லுங்க. நாளைக்கு மண்டபத்துக்கு அவனையும் வரச் சொல்லுங்க, நானும் வரேன். ஹார்வர்ட் தம்பி, பேச்சு முடிஞ்சதும் எனக்கு ஒரு மேசை வேணும்.

சிந்தோக் காற்று | சனி, இரவு 9.15

லூனாஸ் அம்மா, உங்கள் பதிவை மூன்று முறை படித்தேன். என்னிடம் படித்த ஒரு மாணவனாகவும் அவன் இருந்திருக்கலாம். நேற்று நான் எழுதியதில் மாற்றமில்லை, தொழிற்சாலைக்கு ஆள் தயாரிப்பது மட்டும் எங்கள் வேலை இல்லைதான். ஆனால் ஒரு பிள்ளையை வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, பிறகு அவன் என்ன ஆனான் என்று நான் பார்த்ததில்லை. அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஹார்வர்ட் மூணாம் பிரிவு | ஞாயிறு, இரவு 10.25

முடிஞ்சது. நடந்ததைச் சொல்றேன்.

முப்பத்து நாலு பிள்ளைகள், பின்னால பெத்தவங்க. வெள்ளிக்கிழமையே வேலை இடத்துல அந்த அக்காவைப் பார்த்து, "இந்தக் கதையைச் சொல்லலாமா?"ன்னு கேட்டிருந்தேன். "சொல்லு தம்பி. நான் ஷிப்ட் புத்தகத்துல எழுதி வெச்சிருந்தேன்கிறதையும் சேர்த்துச் சொல்லு"ன்னாங்க. சேர்த்துச் சொன்னேன். ஆசிரியர் ஐயாவோட கிழட்டு மரத்தைச் சொன்னப்போ பின்வரிசையில ஒரு பாட்டி எழுந்து நின்னு, கத்தி பிடிக்கிற விதத்தைக் கையாலயே காட்டினாங்க. பிள்ளைகள் திரும்பிப் பார்த்தாங்க.

பேசி முடிச்சு, "ஏதாவது கேட்கணுமா?"ன்னேன். ஒருத்தர் வாய் திறக்கல. நான் படிச்ச அதே மண்டபம் மாதிரி இருந்துச்சு. கோயில் ரசீதுப் புத்தகத்தோட பின்பக்கத் தாளைக் கிழிச்சுக் கொடுத்து, பேர் எழுதாம கேள்வி எழுதுங்கன்னேன். இருபத்தெட்டுத் தாள் வந்துச்சு. சிலதை அப்படியே தரேன்:

அப்பா தோட்டத்துல குலை வெட்டுறாருன்னு இண்டர்வியூல சொல்லலாமா?

வேலை இடத்துல தமிழ் ஆளைப் பார்த்தா தமிழ்ல பேசலாமா, தப்பா நினைப்பாங்களா?

ஆறாம் படிவம் போனா லேட்டாயிடுமா?

எனக்கு எலக்ட்ரிகல் பிடிக்கும், அம்மா டாக்டர்னு சொல்றாங்க, எப்படிச் சொல்றது?

தெரியலன்னு சொன்னா வேலையை விட்டுத் தூக்கிருவாங்களா?

கடைசிக் கேள்வியை மட்டும் பதினொரு பேர் வேற வேற வார்த்தையில எழுதியிருந்தாங்க. அதை வாசிச்சப்போ என்னால உடனே பேச முடியல.

லூனாஸ் அம்மா மகன் வந்திருந்தார். சம்பளச்சீட்டு அக்காவோட மேசையில ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அப்புறம் அவரே எழுந்து வந்து, டெலிவரியில எந்தக் கடை எத்தனை மணிக்கு மூடும், மழை வந்தா எந்த வழி, ஆர்டர் தப்பானா வாடிக்கையாளர்கிட்ட எப்படிப் பேசறதுன்னு பிள்ளைகளுக்குச் சொன்னார். நான் பேசினதைவிட அதைத்தான் கவனமா கேட்டாங்க.

எல்லாத் தாளுக்கும் பதில் சொல்ல நேரம் இல்ல. மாசத்துக்கு ஒரு ஞாயிறு மண்டபத்தைத் தர கோயில் தலைவர் ஒத்துக்கிட்டார். த்ரீ ஃபேஸ் அண்ணே, அந்த எலக்ட்ரிகல் பிள்ளைக்கு நீங்கதான் பதில் சொல்லணும். எழுத்தைப் பார்த்தா பொம்பளைப் பிள்ளை மாதிரி தெரியுது.

த்ரீ ஃபேஸ் | ஞாயிறு, இரவு 10.41

பொம்பளைப் பிள்ளைன்னா என்ன, கரண்டுக்குத் தெரியவா போகுது. அடுத்த மாசம் வீட்டு மின்சாரத்தைப் பிரிச்சுக் கொடுக்கிற பழைய டிபி போர்டு ஒண்ணைக் கழட்டிக் கொண்டு வரேன். லைனை எடுத்துட்டு பேட்டரி மாட்டித் தரேன், பயமில்லாம தப்பா மாட்டிப் பார்க்கட்டும். அவங்கம்மாவையும் வரச் சொல்லுங்க, நான் பேசறேன்.

ஓய்வு ஆசிரியர் | திங்கள், காலை 6.05

என் பழைய சம்பளச் சீட்டுகள் ஒரு தகரப் பெட்டி நிறைய இருக்கின்றன. தந்தையின் சங்க அட்டையும் அதில்தான் இருக்கிறது. அடுத்த மாதக் கூட்டத்துக்குப் பெட்டியோடு வருகிறேன். பேரனும் வருகிறான். தூக்க ஆள் வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

ஆறாவது செமஸ்டர் | திங்கள், இரவு 11.20

அப்பாகிட்ட சொல்லிட்டேன். 3.18ஐப் பத்தி ஒண்ணும் கேட்கல. முந்நூறு பொட்டலத்தை எந்தக் கடையில பிடிச்சேன்னுதான் கேட்டார்.